மாப்பிள்ளை ஸ்பூன் கேட்ட நாள்

வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு எங்கள் வீட்டுப் புது மாப்பிள்ளை ஸ்பூன் கேட்டார்.

அம்மா விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நின்று சொதி வைத்திருந்தாள். எங்கள் பக்கம் மாப்பிள்ளை விருந்து என்றால் தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சித் துவையலும் இல்லாமல் இருக்காது. சோற்றைக் குழித்து, சொதியை ஊற்றி, கையால் பிசைந்து சாப்பிட வேண்டும். அதற்குப் போய் ஸ்பூனா என்று அம்மாவின் முகம் சுருங்கியது. "துபாய்ல அப்படியே பழகியிருக்கும், எடுத்துக் குடு" என்று அப்பா சமாளித்தார். நான் ஸ்பூனை நீட்டினேன். மாப்பிள்ளை இடது கையை நீட்டி வாங்கினார். அவருடைய வலது கை மடியில் சும்மா கிடந்தது.

அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எழுதினாலாவது கொஞ்சம் அடங்குமா என்று பார்க்கிறேன்.

என் தங்கையின் கல்யாணம் கார்த்திகை முதல் வாரத்தில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கிறவர்கள். அவருக்கு மட்டும் துபாயில் வேலை. லீவு முடிந்து போகும்போது தங்கையையும் கூட அழைத்துப் போவதாக ஏற்பாடு. விசா வந்தாயிற்று, திருவனந்தபுரத்திலிருந்து இரவு விமானத்தில் டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அவருடைய வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, புறப்படுவதற்கு முன் இரண்டு நாள் இருவரும் கோவளத்துக்குப் போனார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள், போகட்டும். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இனிமேல்தான் எங்கள் வீட்டு மூளை வேலை செய்கிறது. கோவளத்திலிருந்து விமான நிலையம் பக்கம்தான். பெட்டிகளை ஒரு வண்டியில் போட்டு அங்கே அனுப்பியிருந்தால் வேலை முடிந்தது. ஆனால் புதுப்பெண் அம்மா வீட்டில் விளக்குக் கும்பிட்டு, விருந்து சாப்பிட்டு, நல்ல நேரத்தில் வாசல் இறங்கினால்தான் அது புறப்பாடு. லாட்ஜிலிருந்து கிளம்பினால் அது புறப்பாடு ஆகாதாம். ஆகவே அவர்கள் விமான நிலையத்தை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, புனலூர், தென்மலை, ஆரியங்காவு என்று மலை தாண்டி எங்கள் ஊர் மேலகரத்துக்கு வந்து, சாப்பிட்டு, அன்றைக்கே மறுபடி அதே மலையைத் தாண்டி அதே விமான நிலையத்துக்குப் போக வேண்டும். ஐயப்பன் சீசன் வேறு. ரோடு முழுக்க மாலை போட்ட வண்டிகள். இந்தத் திட்டத்தில் என்னைத் தவிர வேறு யாருக்கும் ஒரு கோணலும் தெரியவில்லை.

ஒரு நாள் தள்ளிப் போனால் என்ன என்று நான் முதலிலேயே கேட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை! மறுநாள் விடிந்தால் மார்கழி. மார்கழியில் புதுப்பெண்ணை வீட்டை விட்டு அனுப்புகிற வழக்கமில்லை. அன்றைக்கு விட்டால் அப்புறம் தைதான்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். சில வருஷங்களுக்கு முன் கோடை விடுமுறையில் அந்தமான் போய் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டேன். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் மீன்களைப் பார்த்தேன் என்று ஊருக்கு வந்து சொன்னால், "அருவில குளிக்க மாட்டாளாம், கடல்ல மட்டும் விழுவாளாம்" என்று கேலி செய்தார்கள். கூட்டத்தில் இடிபட்டுக் குளிக்க எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். அந்தமானில் எனக்குப் பாடம் எடுத்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு விஷயம், கடலில் மூழ்கி எழுந்த உடம்போடு உடனே விமானம் ஏறக் கூடாது என்பது. ஒரு தடவை மூழ்கியிருந்தால் அரை நாள், பல தடவை என்றால் பதினெட்டு மணி நேரம், முழுசாக ஒரு நாள் விட்டுவிட்டால் இன்னும் நல்லது. வலியோ மரமரப்போ வந்துவிட்டால் இந்த மணிக்கணக்கெல்லாம் செல்லாது, நேரே டாக்டரிடம் போக வேண்டும். இதற்காகவே நான் ஒரு நாள் போர்ட் பிளேரில் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

மாப்பிள்ளையும் அதைப் படித்தவர்தான். துபாயில் முறையாகக் கற்றுக்கொண்டு பல தடவை மூழ்கியவர். கல்யாணப் பேச்சு நடந்தபோது எங்கள் வீட்டில் நானும் அவரும் மட்டும்தான் அதைப் பற்றிப் பேசிக்கொள்வோம். அதனால்தான் எனக்கு இரட்டிப்பாக எரிந்தது.

அன்று மதியத்துக்குள் இருவரும் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை காரை விட்டு இறங்கும்போதே தோளைப் பிடித்துக்கொண்டார். "என்ன மாப்ள, தோள்ல?" என்று அப்பா கேட்டார். "காலைல டைவ் பண்ணும்போது சிலிண்டர் தூக்குனது, மாமா" என்றார் அவர். நான் அப்போது கொல்லையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். இந்த ஒரு வரி என் காதில் விழுந்திருந்தால் கதையே வேறு.

என் அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் அதுதான். உடம்பு வலியா, அருவி. தலைப் பாரமா, அருவி. பரீட்சையில் ஃபெயில் ஆனாலும் அருவியில் போய் நின்றுவிட்டு வா என்பார்கள். மாப்பிள்ளையை ஸ்கூட்டரில் ஏற்றி நேரே ஐந்தருவிக்குக் கொண்டுபோனார். அங்கே எண்ணெய் தேய்த்துவிடும் ஆளிடம் உட்கார வைத்து, வலிக்கிற தோளை நன்றாக அமுக்கிவிடச் சொன்னார். பிறகு ஐயப்ப பக்தர்கள் கூட்டத்துக்குள் அவரைப் புகுத்தி, தண்ணீர் கனமாக விழுகிற இடமாகப் பார்த்துத் தோளைக் காட்டச் சொன்னார். திரும்பி வந்து, "இனிமே வலி எட்டிப் பாக்காது" என்று பெருமையாகச் சொன்னார். மாப்பிள்ளை சிரித்தார். மாமனார் வீட்டில் வேறென்ன செய்வார்?

அதற்குப் பிறகுதான் ஸ்பூன்.

இலை எடுத்ததும் மாப்பிள்ளை முன்னறையில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய், "கோவளத்துல எத்தனை தடவை மூழ்குனீங்க?" என்று கேட்டேன். "நேத்து ரெண்டு, இன்னைக்கு விடிஞ்சதும் ரெண்டு, மதினி. கடைசி டைவ் நல்ல ஆழம். ஒரு பெரிய ஆமை!" என்று கண்ணை விரித்தார். இன்றைக்கு இரவே விமானம் ஏறலாமா என்று கேட்டதும் அவர் குரல் இறங்கியது. "அதெல்லாம் ஒரு பாதுகாப்புக்குச் சொல்லுறது. ஒண்ணும் ஆகாது" என்றார். கை என்ன என்று கேட்டேன். "சிலிண்டர் தூக்குனது" என்றார்.

அவரை டைவிங் கூட்டிப்போன இடத்துக்கு நான் ஃபோன் போட்டேன். தங்கையின் செல்ஃபோனில் நம்பர் இருந்தது. எடுத்தவர் மரியாதையாகப் பேசினார். விமானம் எப்போது என்று இன்றைக்குக் காலையில் வழக்கம்போல மாப்பிள்ளையிடம் கேட்டார்களாம். நாளைக்கு ராத்திரி என்று அவர் சொன்னாராம். தெரியாமல் செய்தவர் இல்லை. தெரிந்தே பொய் சொல்லிவிட்டு மூழ்கியிருக்கிறார். மறுபடி எப்போது கிடைக்கும் என்ற ஆசை. எனக்கு வந்த கோபத்தில் ஃபோனைச் சுவரில் எறியாமல் விட்டது பெரிய விஷயம்.

அடுப்படிக்குப் போய் அம்மாவையும் அப்பாவையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னேன். சோடா பாட்டில் மூடியிருக்கும்போது உள்ளே காற்றுக் குமிழி தெரியாது. திறந்ததும் பொங்குகிறது. ஆழத்தில் சுவாசித்த காற்று உடம்புக்குள் அப்படித்தான் கரைந்து கிடக்கும். மெதுவாக வெளியே போக நேரம் கொடுக்க வேண்டும். விமானத்துக்குள்ளே காற்றழுத்தம் கொடைக்கானல் உச்சியில் இருக்கிற அளவுக்குத்தான் இருக்கும். அந்தக் காற்று முழுசாக வெளியேறாத உடம்போடு அங்கே போனால் ரத்தத்தில் குமிழி பொங்கும். இவருக்கு இப்போதே கை வலிக்கிறது, பிடிக்க முடியவில்லை. மேலே போனால் கை கால் விழுந்துபோகலாம், உயிருக்கே கூட ஆபத்து வரலாம் என்றேன்.

"ஏட்டி, வாயைக் கழுவுட்டி!" என்று அம்மா பதறிப்போய் என் வாயைப் பொத்த வந்தாள். "புறப்படுத நேரத்துல என்ன பேச்சு பேசுதா பாரு. விளக்கு எரியுது வீட்டுல."

அப்பா கொஞ்சம் யோசித்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு அவர் சொன்னார்: "பிளேனுக்குள்ள ஏசி எல்லாம் போட்டு மூடித்தானே வச்சிருக்கான். காத்து எப்படி உள்ள வரும்?"

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. போகாதே என்று சொல்லவே கூடாது. சொன்னால் போகிற காரியம் கெடும். அதிலும் கிளம்புவது புது மாப்பிள்ளை. அவர் நெருப்புக்குள் கையை விட்டாலும் "பாத்து, மாப்ள" என்பதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். அன்றைக்குச் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். இன்றைக்கு விமானம் ஏறாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல முடியாதபடி ஒரு வீட்டையே கட்டி வைத்திருக்கிறார்கள்.

நானும் வழி தேடினேன். நல்ல நேரத்தில் புறப்பட முடியாதவர்கள் பெட்டியை மட்டும் அந்த நேரத்தில் எடுத்துப் பக்கத்து வீட்டில் வைப்பது எங்கள் பக்கம் வழக்கம்தான். பெட்டி புறப்பட்டால் ஆளும் புறப்பட்ட மாதிரி. அதைச் சொல்லிப் பார்த்தேன். "பெட்டியை வைக்கலாம்மா. இவரை டாக்டர்ட்ட காட்டிட்டு, ரெண்டு நாள் கழிச்சுப் போகட்டும்."

"அது ஆம்பளைங்க வேலைக்குப் போறதுக்கு. புதுப்பொண்ணுக்குச் செல்லாது" என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். அப்புறம் அப்பா கேட்காதபடி என் பக்கம் குனிந்து, "நீ குறுக்க நிக்காத. அக்காக்காரிக்குப் பொறுக்கலன்னு ஊரு சொல்லும்" என்றாள்.

அந்தச் சொல் என்னை எங்கே தொடும் என்று அம்மாவுக்குத் தெரியும். என் கல்யாணப் பேச்சை எடுக்காமல் இருந்த இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து வைத்திருந்து அடித்த மாதிரி இருந்தது. அழுகை வந்தது. அழவில்லை. தங்கையைத் தேடிக்கொண்டு பின்னறைக்குப் போனேன்.

அவள் பெட்டிக்குள் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு, "உனக்குத் தெரியுமா?" என்றேன். அவள் நிமிரவே இல்லை.

"தெரியும்க்கா. கார்ல வரும்போதே வலின்னாரு. அருவிக்குப் போய்ட்டு வந்த பிறகு விரல் மரத்துப் போச்சுங்காரு."

"மரத்துப் போச்சா? அதைச் சொல்லாம இங்கன சேலை மடிச்சுக்கிட்டு இருக்கியா?"

"கத்தாத" என்றாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "கல்யாணமாகி ஒரு மாசம் ஆகல. இப்ப அவருக்கு ஒண்ணுன்னா அவங்க அம்மா என்ன சொல்லுவாங்க? மருமக வந்த நேரம்னு சொல்லுவாங்க. அவங்க சொல்லாட்டாலும் மண்டிக்கு வாரவங்க சொல்லுவாங்க. அங்க போய்ட்டா பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, அங்க பாத்துக்கலாம்னு அவரும் சொல்லுதாரு."

அங்கே போய்ச் சேர்வதுதானே பிரச்சினை! புருஷன் கையை மறைக்கிறான், பொண்டாட்டி அதைச் சேலைக்கடியில் மறைக்கிறாள், அம்மா பஞ்சாங்கத்தால் மூடுகிறாள், அப்பா எண்ணெயைத் தேய்க்கிறார். எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் சேர்ந்து ஒருத்தரை விமானத்தில் ஏற்றி ஊனமாக்கப் பார்க்கிறார்கள். எனக்கு அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

நல்ல நேரம் வந்தது. விளக்கு கும்பிட்டார்கள். பெரியவர்கள் காலில் விழுந்து திருநீறு வாங்கினார்கள். தங்கை அழுதாள், எல்லோரும் பிறந்த வீட்டை விட்டுப் போகிற அழுகை என்று நினைத்தார்கள். பெட்டிகள் காரில் ஏறின. ஊறுகாயும் பொடியும் முறுக்குமாக அம்மா ஒரு குடும்பத்துக்கு ஒரு வருஷம் காணும்படி கட்டியிருந்தாள். அப்போது அம்மா வாசலில் நின்று விரலை மடக்கினாள். டிரைவர், மாப்பிள்ளை, தங்கை. மூன்று பேர். மூன்று பேராகப் புறப்படக் கூடாது.

அம்மாவின் முகத்தில் கலவரம் தெரிந்தது. அப்பா சட்டையை மாட்டப் போனார். நான் அவரை முந்திக்கொண்டு, "நான் போறேன்மா, நாலு பேராச்சு" என்று முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டேன். காலில் வீட்டுச் செருப்புதான். அன்றைக்கு முழுவதும் அம்மா என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அந்த ஒரு நிமிஷம்தான்.

செங்கோட்டை தாண்டுகிற வரை நான் பேசவில்லை. புளியரையில் வண்டிகள் தேங்கி நின்றன. சரண கோஷம், ஹாரன், மேலே மலையில் மழை மேகம். வாசலை விட்டு இறங்கியாயிற்று, இனிமேல் போகாதே என்று சொன்னால் யாரும் என் வாயைப் பொத்த முடியாது. திரும்பி உட்கார்ந்து மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் கேட்டேன். அந்த ஆட்களிடம் ஏன் பொய் சொன்னீர்கள் என்றும் கேட்டேன். அவர் தங்கையைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாளைக்கு டூட்டில சேரணும், மதினி. ஏற்கெனவே லீவை நீட்டிட்டேன். சும்மா வலிதான். பெருசு பண்ணாதீங்க."

தங்கை தண்ணீர் பாட்டிலை அவரிடம் கொடுத்தாள். அவர் மூடியைத் திருகினார். விரல்கள் மூடியின் மேல் வழுக்கின. பாட்டிலைத் தொடைக்கு நடுவில் வைத்து மறுபடி திருகினார். பிறகு தனக்குத் தாகமே இல்லை என்பது போல அதை ஓரமாக வைத்துவிட்டார்.

"கண்ணை மூடிக்கிட்டு வலது கையை நீட்டுங்க" என்றேன். "உங்க விரல்ல ஒரு பொருளை வைக்கப் போறேன். என்னன்னு சொல்லிட்டீங்கன்னா நான் இனி வாயே திறக்க மாட்டேன். ஏர்போர்ட் வரைக்கும் பேசாம வாரேன்."

அவருக்கு விளையாட்டாக இருந்தது போல. சிரித்துக்கொண்டே கண்ணை மூடிக் கையை நீட்டினார். நான் என் வீட்டுச் சாவியை எடுத்து அவருடைய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, என் கையால் அழுத்திப் பிடித்தேன். சாவியின் பல் தோலில் பதிந்தது. தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது.

"ம், வைங்க மதினி" என்றார் அவர்.

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் கண்ணைத் திறந்து சாவியைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். அதுவரை மாமனார் வீட்டு மாப்பிள்ளையாக இருந்தவர், ஒரு நொடியில் பயந்துபோன ஒரு பையனாக ஆகிவிட்டார். தங்கைதான் முதலில் பேசினாள். "டிரைவர் அண்ணாச்சி, ஏர்போர்ட் வேண்டாம். வழியில நல்ல ஆஸ்பத்திரி எங்கன இருக்கோ அங்க விடுங்க." அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் எமர்ஜென்சியில் இருந்தவர் ஒரு மலையாளி டாக்டரம்மா. நான் நின்ற நிலையில் சொன்னேன். நான்கு தடவை டைவிங், இன்று காலை கடைசி, தோள் வலி, விரல் மரத்துவிட்டது, இன்றிரவு விமானம். "அய்யோ, ஃபிளைட்டோ? வேண்டா, வேண்டா" என்று அவர் சொல்லும்போதே நர்ஸிடம் ஆக்சிஜன் மாஸ்க் எடுக்கச் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பொழுதெல்லாம் நான் கத்தியதை முதல் தடவையிலேயே காதில் வாங்கியவர் அவர் ஒருவர்தான். அழுத்த அறைக்குள் வைத்துச் சிகிச்சை செய்ய வேண்டும், அதற்குக் கொச்சிக்குப் போக வேண்டும், நேரம் ஏற்கெனவே போய்விட்டது என்றார். மாப்பிள்ளையின் தோளை முகர்ந்து பார்த்து, "இதென்ன, எண்ணெயோ?" என்று கேட்டார். நான் அருவியைப் பற்றிச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எங்கள் ஊரே அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்பது போல எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கும்போது அம்மா ஃபோன் செய்தாள். எடுத்ததும் அவள் கேட்டது: "ஏட்டி, எல்லை தாண்டிட்டீயளா?"

"தாண்டியாச்சு" என்றேன். வேறு சொல்ல என் தங்கை விடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வீட்டுக்கும் ஒரு வார்த்தை தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். ஐயப்பன் கூட்டத்தில் வண்டி மாட்டிக்கொண்டது, விமானம் போய்விட்டது, அடுத்த டிக்கெட் கிடைக்கும்வரை கொச்சியில் அவருடைய சிநேகிதர் வீட்டில் இருக்கிறார்கள். இதுதான் ஊருக்குச் சொன்ன கதை. துபாய் ஆபீசுக்கு மட்டும் அவர் உண்மையைச் சொன்னார். அவர்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். எதற்குப் பயந்து ஓடினாரோ அது அவ்வளவு சுலபமாக முடிந்தது.

தோள் வலி சிகிச்சையில் போய்விட்டது. கையில் பலமும் திரும்பியது. சில வாரம் கழித்து, விமானம் ஏறலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, கொச்சியிலிருந்தே இருவரும் கிளம்பினார்கள். அப்போது மார்கழி முடியவில்லை. அம்மா அதைப் பற்றி வருத்தப்படுவாள் என்று நினைத்தேன். "வாசல் இறங்குனது கார்த்திகைலதானே? அதுதான் கணக்கு" என்றாள். நான் பெட்டியை வைத்துப் பேசியதும் இதைத்தான். அன்றைக்குச் செல்லாது என்றவள்தான் இவள். நல்ல நேரத்தில் வாசலை விட்டு இறங்கி, விமானத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு, நேராக டாக்டரைப் பார்த்திருக்கலாம். மறைப்பதிலேயே அவ்வளவு நேரம் போயிருக்காது.

இதோடு விட்டிருந்தாலும் எனக்கு ஆறியிருக்கும். சொந்தக்காரர்கள் வந்தால் அம்மா இந்தக் கதையைத் தவறாமல் சொல்கிறாள். என்னைக் கையால் காட்டிச் சொல்கிறாள். "இவ அன்னைக்கு என்னா ஆட்டம் ஆடுனா தெரியுமா? கடல்ல முங்குனவுக பிளேன்ல ஏறக் கூடாதாம், ரத்தத்துல குமிழி வருமாம். கை கால் விழுந்துரும்னு வாய் கூசாமச் சொன்னா. என்ன ஆச்சு? நல்ல நேரத்துல இறங்குன பிள்ளைங்க, ஒரு குறையும் இல்லாம போய்ச் சேந்துட்டாங்க." எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சேர்ந்துகொண்டு, "தோள் வலி கூட அருவிலயே போயிட்டு" என்பார். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். சத்தியம் செய்தது நான். பல்லைக் கடித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

இதை எழுதட்டுமா என்று தங்கையிடம் கேட்டேன். யார் பெயரும் போடாமல் எழுது என்றாள். அம்மாவைப் பற்றிக் கவலையில்லை. பஞ்சாங்கத்தைத் தவிர அவள் வேறெதையும் படிப்பதில்லை.

போன வாரம் வீடியோவில் பேசினார்கள். துபாய் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அம்மா செல்ஃபோனை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நின்று பார்த்தேன். தங்கை ஒரு டம்ளரில் காபி கொண்டு வந்தாள். கொடுக்கவில்லை. டம்ளரைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் ஆற்றினாள். மறுபடி தொட்டுப் பார்த்தாள். பிறகு அவருடைய கையை எடுத்து, விரல்களை டம்ளரின் விளிம்பில் பொருத்திவைத்துவிட்டு விலகினாள். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் இன்னும் உணர்வு திரும்பவில்லை. சூடு தெரியாது. ஒரு தடவை டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்து தோல் கொப்பளித்த பிறகுதான் அவருக்கே தெரிந்ததாம்.

அம்மா செல்ஃபோனை என் பக்கம் சாய்த்து, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்.

"புருஷனை எப்படித் தாங்குதா பாத்தியா?"